ரயில் விட்டுப்போன வழி

போன வாரம் நான் போட்ட சைக்கிள் படங்களுக்குக் கீழே நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "காரும் லாரியும் வராத பாதையில் ஓட்டுவதெல்லாம் ஒரு சாதனையா?" அவர் விடுமுறை நாளில் விளையாட்டாக நூறு மைல் ஓட்டிவிட்டு வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருகிறவர். கேட்கும் தகுதி அவருக்கு உண்டு. ஒரு வரியில் பதில் எழுதினேன், அழித்தேன். மறுபடியும் எழுதினேன், அதையும் அழித்தேன். அதனால்தான் இந்த நீளப் பதிவு. நேரமில்லாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

சாதனை இல்லை, ஐயா. அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்கிலிருந்து மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாண்ட் வரை 150 மைல், ஏறத்தாழ 240 கிலோமீட்டர். முன்பு ரயில் ஓடிய வழி, இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டுமான பாதை. கிரேட் அலெகேனி பாசேஜ் என்று பெயர். ஐந்து நாளில் போனோம். எனக்கு ஐம்பத்தைந்து வயது, தொப்பை உண்டு. என் மனைவிக்கு இடது முழங்கால் மாடிப்படியைக் கண்டாலே முனகும். இப்படிப்பட்ட இருவர் பெட்டி படுக்கையோடு அலெகேனி மலையைக் கடந்து மறுபக்கம் இறங்கினோம். அப்படியானால் சாதித்தது யார் என்பதுதான் என் கேள்வி.

வழுவழுப்பான இரும்புத் தண்டவாளத்தின் மேல் வழுவழுப்பான இரும்புச் சக்கரம். செங்குத்தான ஏற்றத்தில் அது வழுக்கும். ஆகவே ரயில் பாதை போட்டவர்கள் மலையோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஆறு எங்கெல்லாம் வளைந்து போயிற்றோ அங்கெல்லாம் அதன் தோளைப் பிடித்துக்கொண்டே போனார்கள். மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள், வேறு வழியே இல்லாத இடத்தில் குடைந்தார்கள். பிட்ஸ்பர்கிலிருந்து மலையின் உச்சிக் கோடு வரை ஏறத்தாழ 126 மைல். அதில் ஏறும் உயரம் 1,700 அடிகூட இல்லை. நூறு அடி போனால் ஓர் அடி உயர்வதே அபூர்வம். நூறு ஆண்டுக்கு முன் நிலக்கரி வண்டிக்காக யாரோ போட்ட கணக்கு இன்று என் மனைவியின் முழங்காலுக்கு உதவுகிறது.

பயம் என்ற இன்னொன்றும் இருக்கிறது. சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்குக் காது முதுகில்தான் இருக்கும். பின்னால் வருவது என்ன, எவ்வளவு வேகம், என்னைப் பார்த்தானா இல்லையா. மூளையில் பாதி அதற்கே போய்விடும். என் மனைவி சிறுமியாக இருந்தபோது அண்ணனின் சைக்கிளில் குரங்குப் பெடல் அடித்துப் பழகியவள். கல்லூரிக் காலத்தில் ஒரு லாரி உரசிவிட்டுப் போன பிறகு சைக்கிளைத் தொடவே இல்லை. இந்தப் பாதையில் முதல் நாள் முழுக்க என் பின்னாலேயே ஓரமாக வந்தாள். ஒன்றிரண்டு ஊர்களில் தெருவைக் கடக்க வேண்டியிருந்தபோது இறங்கித் தள்ளினாள். இரண்டாம் நாள் காலை, என்னை அறியாமல் பக்கத்தில் வந்துவிட்டிருந்தாள். ஒரு கை விட்டுவிட்டு எதையோ சுட்டிக்காட்டினாள். மான் குட்டி. நான் மானைப் பார்க்கவில்லை, கைப்பிடியை விட்டிருந்த அந்தக் கையைத்தான் பார்த்தேன்.

"இயற்கையின் மடி" என்று எழுதத் துடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது தொடப்படாத காடு அல்ல. கிளம்பின சில மைல்களில் ஹோம்ஸ்டெட் வருகிறது. 1892இல் தொழிலதிபர் கார்னகியின் எஃகு ஆலைத் தொழிலாளர்கள் கூலிப்படையோடு ஆற்றங்கரையில் மோதிய இடம். அப்புறம் யாக்கியோகேனி ஆறு. வாயில் நுழையாத பெயர் என்று நமக்கு மட்டும் தோன்றவில்லை போலும், உள்ளூர்க்காரர்களே 'யாக்' என்று சுருக்கிவிட்டார்கள். அந்தக் கரையில்தான் டார் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. 1907 டிசம்பர் 19 அன்று நடந்த வெடிப்பில் 239 பேர் செத்தார்கள். அன்று புனித நிக்கோலஸ் திருநாள் என்பதால் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் பலர் வேலைக்கு வராமல் தேவாலயத்துக்குப் போய் உயிர் தப்பினார்கள். மூடிக் கிடக்கும் பழைய சுரங்கங்களிலிருந்து இன்றும் கசியும் நீர் சில இடங்களில் பாறையைத் துருப்பிடித்த நிறத்துக்கு மாற்றியிருக்கிறது. நாங்கள் பென் ஹில்ஸ் வெங்கடாசலபதி கோயிலில் வாங்கி வந்த புளியோதரையை அந்தப் பக்கம் ஒரு மரப் பலகையில் உட்கார்ந்துதான் தின்றோம். இந்தக் காடு, வெட்டி எரித்துக் கரியாக்கிய பிறகு தானாக மறுபடி முளைத்த காடு. அதனாலேயே எனக்கு அதன் மேல் கூடுதல் மரியாதை.

ஓஹயோபைல் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. ஆறு அங்கே ஒரு குன்றைச் சுற்றி வளைந்து அருவியாக விழுகிறது. 1754இல் இளம் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் படகு போக நீர்வழி தேடி வந்து, இந்த அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாராம். ரயில்காரன் திரும்பவில்லை. வளைவின் கழுத்தை இரண்டு பாலங்களால் கடந்துவிட்டான். உயரமான பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தேன். பழுப்பு நிறத் தண்ணீர், வெள்ளை நுரை, மஞ்சள் ரப்பர் படகில் தலைக்கவசம் போட்ட ஆறு பேர். அவர்கள் அலறுவது தெரிந்தது, கேட்கவில்லை.

நான்காம் நாள், ராக்வுட்டுக்கு முன்னால் சைக்கிள் காலை வாரியது. பிட்ஸ்பர்கில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தது. பின் கேரியரைப் பிடித்திருந்த திருகாணிகளில் ஒன்று எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. பை சாய்ந்து சக்கரக் கம்பியில் உரசிக் கரகரவென்று சத்தம். கொடுக்கும்போது ஒரு முறை முறுக்கிப் பார்த்திருக்கலாம். நானும்தான் பார்க்கவில்லை. குனிந்து எழுந்தபோது உடம்பெல்லாம் வெள்ளை. நொறுக்கிய சுண்ணாம்புக் கல் பாதை அது. ஐந்து நாளும் முழங்கால் வரை திருநீறு பூசிய மாதிரிதான் இருந்தோம்.

கொஞ்ச தூரத்தில் ஒரு பெரியவர், விழுந்த கிளையை அறுத்து ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எழுபது தாண்டியிருக்கும். ஒன்றும் கேட்காமல் வந்தார், பார்த்தார், தன் வண்டிப் பெட்டியிலிருந்து மெல்லிய கம்பியை எடுத்து ஓட்டைக்குள் நுழைத்து இரண்டு சுற்றுச் சுற்றி இடுக்கியால் முறுக்கினார். கம்பர்லாண்ட் வரை அந்தக் கம்பிதான் தாங்கியது. சம்பளம் இல்லாத வேலை, தன்னார்வலர். அவருடைய அப்பா இதே லைனில் தண்டவாளம் பார்த்தவராம். "ரயில் நின்றபோது ஊரே முடிந்தது என்று நினைத்தோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி ரம்பத்தை எடுத்துக்கொண்டார்.

வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வே 1975இல் இந்த மலைப் பாதையைக் கைவிட்டது. அப்போது என்ன நடந்திருக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். ஒருவர் கார் நிறுத்தக் கொட்டகை போடுவார். இன்னொருவர் வேலியைப் பத்து அடி நகர்த்துவார். இருபது வருடத்தில் பாதை நூறு துண்டாகும். பாலம் பழைய இரும்புக் கடைக்குப் போகும். ஒரு முறை துண்டாகிவிட்டால் கோடி கோடியாகக் கொட்டினாலும் ஒட்டாது. ஆங்காங்கே பிடிவாதக்காரர்கள் அதைக் காத்தார்கள். 1983இல் அமெரிக்க நாடாளுமன்றமும் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது: ஓடாத ரயில் பாதையைக் கலைக்காமல் நடை பாதையாகவோ சைக்கிள் பாதையாகவோ வைத்திருக்கலாம், பின்னாளில் ரயில் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். வங்கியில் நிலத்தைப் போட்டுவைப்பது போல. பக்கத்து நில உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்களுடைய கோபத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன். ரயில் போனால் நிலம் தனக்கு வரும் என்று தாத்தா காலத்திலிருந்து நம்பியவர்கள் அவர்கள். 1990இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, இழப்பீடு கேட்டு வழக்காடும் வழியையும் திறந்தே வைத்தது. எனக்கு அது நியாயமாகப் படுகிறது. நிலத்தைச் சேர்த்து வை, பணத்தைக் கொடுத்துவிடு.

அப்படியும் சுலபமாக முடியவில்லை. முதல் ஒன்பது மைல் 1986இல் திறந்தது. பிட்ஸ்பர்கின் ஆற்று முனை வரை முழுதாக இணைந்தது 2013இல். இருபத்தேழு ஆண்டுகள்!

மேயர்ஸ்டேல் ஊருக்கு முன் சாலிஸ்பரி பாலம். 1,908 அடி நீளம், சுமார் நூறு அடி உயரம். காற்று சைக்கிளைத் தள்ளியது. கீழே காசல்மன் ஆறு, இன்னும் ரயில் ஓடுகிற ஒரு தண்டவாளம், அப்புறம் நெடுஞ்சாலை. வரிசையாக லாரிகள், பொம்மை அளவில். மனைவி இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் அந்த லாரிகளையே பார்த்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் 2,392 அடியில் நீர்பிரி மேடு. இந்தப் பக்கம் விழும் மழை மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கு, அந்தப் பக்கம் விழுவது போடோமாக் வழியாக செசபீக் விரிகுடாவுக்கு. கோட்டின் இரு பக்கமும் பாட்டிலிலிருந்து ஒவ்வொரு மடக்குத் தண்ணீர் ஊற்றினோம், குழந்தைகள் மாதிரி. அடுத்தது மலையைக் குடைந்த பிக் சாவேஜ் சுரங்கப்பாதை, 3,294 அடி நீளம். உள்ளே விளக்கு உண்டு, இருந்தாலும் குளிர் எலும்பைத் தொட்டது. வெளியே வந்ததும் மலைத்தொடர் மொத்தமும் கண் முன்னால். அங்கிருந்து கம்பர்லாண்ட் வரை பெடலை மிதித்ததாகவே நினைவில்லை. கடைசிப் பதினைந்து மைலுக்குப் பக்கத்திலேயே சுற்றுலா ரயிலின் தண்டவாளமும் வருகிறது. ரயிலும் சைக்கிளும் ஒன்றையொன்று துரத்தாமல் இருக்க முடியும் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஒரு குறை. ஐந்து நாளில் நம்மவர் முகம் ஒன்றுகூடத் தென்படவில்லை. பிட்ஸ்பர்கில் நாம் குறைவா என்ன? ஊரில் இருந்தவரை சைக்கிள் நமக்கு இல்லாமையின் அடையாளம். இங்கே வந்த பிறகு பந்தயக்காரனின் பளபளப்புச் சாமான். இறுக்கமான உடுப்பும் ஆயிரக்கணக்கான டாலரும் வேண்டும் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறோம். நான் சாதாரணக் காற்சட்டையில் போனேன். மனைவி சுடிதாரில் வந்தாள், துப்பட்டாவை மட்டும் பைக்குள் வைத்துவிட்டாள்.

சாதனை கேட்ட நண்பருக்கு: அக்டோபரில் இலை சிவக்கும்போது மறுபடி கிளம்புகிறோம். டிசம்பர் நடுவில் பிக் சாவேஜ் சுரங்கப்பாதையை மூடிவிடுவார்கள், ஏப்ரல் வரை திறக்க மாட்டார்கள், அதனால் தள்ளிப்போட முடியாது. உங்கள் சைக்கிளின் மெல்லிய டயர் அந்தச் சுண்ணாம்புக் கல்லில் புதையும், மாற்றிக்கொள்ளுங்கள். அம்மாவையும் அழைத்து வாருங்கள். அவர் ஒரு காலத்தில் பள்ளிக்குச் சைக்கிளில் போனவர் என்று நீங்கள்தான் என்னிடம் சொன்னீர்கள்.