குத்தகை முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெய்

ஒருவருடைய நிலத்தின் வழியாகக் குழாய் கொண்டுசெல்ல இருபது ஆண்டுகளுக்கு அனுமதி வாங்கிய நிறுவனம், அந்தக் காலம் முடிந்து, நிலத்துக்காரர் "இனி வேண்டாம், குழாயை எடுத்துவிடுங்கள்" என்று தீர்மானமாகச் சொன்ன பிறகும் அதே குழாயில் எண்ணெய் ஓட்டிக்கொண்டிருந்தால், அதற்கு அத்துமீறல் என்று பெயர். ஒப்பந்தம் முடிந்தும் வீட்டைக் காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரரைப் பார்த்திருக்கும் எவருக்கும் இது சட்டம் படிக்காமலேயே விளங்கும். ஆனால் நிலத்துக்காரர் ஒரு பழங்குடி தேசமாகவும், காலி செய்ய மறுப்பவர் வட அமெரிக்காவின் மிகப் பெரிய எண்ணெய்க் குழாய் நிறுவனமாகவும் இருக்கும்போது, இவ்வளவு தெளிவான வழக்கும் எப்படியெல்லாம் இழுபடுகிறது என்பதை விஸ்கான்சின் மாநிலத்தின் பேட் ரிவர் மக்களுடைய போராட்டத்தில் பார்க்க முடிகிறது.

சுப்பீரியர் ஏரியின் தென்கரையில் வாழும் ஓஜிப்வே மக்களின் ஒரு பிரிவினர் அவர்கள். என்பிரிட்ஜ் என்னும் கனடிய நிறுவனத்தின் லைன் 5 குழாய், விஸ்கான்சினில் உள்ள சுப்பீரியர் நகரில் தொடங்கி மிச்சிகனைக் கடந்து, கனடாவின் சார்னியா வரை 645 மைல் செல்கிறது. 1953இல் பதிக்கப்பட்ட இந்தக் குழாய் நாளொன்றுக்கு 5,40,000 பீப்பாய் வரை கச்சா எண்ணெயையும் திரவ எரிவாயுவையும் சுமக்கிறது. அதில் ஏறத்தாழ 12 மைல் பேட் ரிவர் நிலத்துக்குள் கிடக்கிறது. கூட்டாகச் சொந்தமாயிருந்த நிலத்தை 19ஆம் நூற்றாண்டில் தனிநபர்களுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அப்படிப் பிரிந்த நிலத்துண்டுகளுள் சிலவற்றின் வழியே குழாய் செல்வதற்கு அரசின் பழங்குடி விவகார அலுவலகம் தந்திருந்த வழியுரிமை, சில முறை புதுப்பிக்கப்பட்டு, 2013இல் முடிவுக்கு வந்தது. புதுப்பிப்பதில்லை என்று பழங்குடி மன்றம் 2017 ஜனவரியில் தீர்மானம் நிறைவேற்றியது. குழாய் அசையவில்லை. 2019 ஜூலையில் அவர்கள் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குச் சென்றார்கள்.

இந்த மறுப்பைப் புரிந்துகொள்ள, குழாய்க்குக் கீழே நீரோட்டத்தின் வழியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பேட் ரிவர் ஆறும் ககாகன் ஆறும் ஏரியில் சேரும் இடத்தில் பரந்த சதுப்பு நிலம் இருக்கிறது. 2012இல் அது ராம்சார் ஈர நிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈர நிலமாக, அறிவிக்கப்பட்டது. அங்கே மனூமின் என்று அவர்கள் அழைக்கும் காட்டு அரிசி விளைகிறது. நீரின் மேல் உணவு விளையும் இடம் வரும்வரை மேற்கே செல்லுங்கள் என்று முன்னோர்க்கு வாக்கு அருளப்பட்டதாகவும், அந்த வாக்கைத் தொடர்ந்தே இந்தக் கரைக்கு வந்து சேர்ந்ததாகவும் ஓஜிப்வே மரபு சொல்கிறது. கோடை முடியும் நாட்களில் இருவர் இருவராகப் படகில் செல்கிறார்கள். ஒருவர் நீண்ட கழியை ஊன்றிப் படகைத் தள்ள, மற்றவர் இரண்டு சிறு கோல்களில் ஒன்றால் கதிரை வளைத்து, இன்னொன்றால் மெல்லத் தட்டுகிறார். முற்றிய மணிகள் படகின் அடியில் உதிர்கின்றன. தண்ணீரில் சிந்துபவை வீணாவதில்லை, அவைதான் அடுத்த ஆண்டுக்கான விதை. நீர்மட்டம் சற்று ஏறினாலும் இறங்கினாலும் வாடிப்போகும் பயிர் இது. இதன் மேல் எண்ணெய் படர்ந்தால் என்ன தொகையை இழப்பீடாகக் கட்டுவது?

படரும் என்பது வெறும் அச்சமில்லை. 2010 ஜூலையில் இதே நிறுவனத்தின் வேறொரு குழாய் மிச்சிகனில் உடைந்து கலமசூ ஆற்றில் எண்ணெய் கலந்தபோது, கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் அது உடைப்பு என்று உணரவே 17 மணி நேரம் ஆயிற்று. பேட் ரிவர் ஆறோ தன் போக்கில் கரையை அரித்து இடம் மாறும் இயல்புடையது. 2023 வசந்தகால வெள்ளத்துக்குப் பின் ஒரு வளைவில் கரைக்கும் குழாய்க்கும் இடையே மிஞ்சிய மண் ஓரிடத்தில் 11 அடிதான். அந்த மண்ணும் போனால், எழுபது வயதுக் குழாய் வெள்ளத்தில் அந்தரத்தில் தொங்கும்.

இந்த மக்களுக்கு வழக்காடுவது புதிதன்று. 1850இல் விஸ்கான்சின் ஓஜிப்வே மக்களை வெளியேற்றும் நோக்கத்துடன், அவர்களுக்குச் சேர வேண்டிய ஆண்டுத்தொகையை மினசோட்டாவின் சாண்டி லேக் என்னும் தொலைவிடத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளும்படி அழைத்தார்கள். அங்கே காத்திருந்தும், கெட்டுப்போன உணவை உண்டும், குளிர்காலத்தில் நடந்து திரும்பியும் சுமார் 400 பேர் மாண்டார்கள். அதன் பிறகு 1852இல், தொண்ணூறு வயதைத் தாண்டிய கெச்சேவைஷ்கி என்ற முதுபெரும் தலைவர், மரப்பட்டைப் படகில் ஏரியைக் கடந்து, வழியெங்கும் வெள்ளையரிடமும் கையொப்பம் வாங்கிய விண்ணப்பத்துடன் வாஷிங்டன் சென்று குடியரசுத் தலைவர் ஃபில்மோரைச் சந்தித்தார். வெளியேற்ற ஆணை கைவிடப்பட்டது. 1854இல் லா பாயின்ட் உடன்படிக்கை கையெழுத்தாகி, பேட் ரிவர் நிலம் அவர்களுக்கென்று உறுதி செய்யப்பட்டது. இன்றைய வழக்கின் வேர் அந்தப் படகுப் பயணத்தில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

நீதிபதி வில்லியம் கான்லி 2022இல் நிறுவனம் அத்துமீறியதாகவே தீர்ப்பளித்தார். அதே நிலப்பகுதியில் வேறு சில துண்டுகளுக்கு 1992இல் பழங்குடி அரசு ஐம்பதாண்டு உரிமை தந்திருந்ததால் இவற்றுக்கும் சம்மதம் உண்டு என்று பொருள்கொள்ள வேண்டும் என நிறுவனம் வாதிட்டது, நீதிமன்றம் ஏற்கவில்லை. 2023 ஜூனில் சுமார் 51.5 லட்சம் டாலர் இழப்பீடு கட்டவும், 2026 ஜூன் 16க்குள் அந்த நிலத்துண்டுகளில் குழாயை நிறுத்தவும் ஆணையிட்டார். அத்துமீறிய காலத்தில் நிறுவனம் ஈட்டிய இலாபம் நூறு கோடி டாலரைத் தாண்டும் என்பது பழங்குடியினரின் வாதம். இந்த விகிதத்தில் அபராதம் விதித்தால், அத்துமீறுவதே ஆதாயமான தொழிலாகிவிடாதா?

உடனே நிறுத்தினால் மிச்சிகனின் வீடுகளுக்கு எரிவாயுவும், கனடாவின் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு எண்ணெயும் தட்டுப்பாடாகும் என்ற வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்க எரிவாயுவை நம்பியிருக்கும் குடும்பத்தின் கவலை உண்மையானது. ஆற்றங்கரையை வலுப்படுத்தும் பணிக்குப் பழங்குடியினர் இடம் கொடுக்கவில்லை என்று நீதிபதி குறைகூறியதும் உண்மை. ஆனால் 2013இலேயே உரிமை முடிந்துவிட்டது என்பதை அறிந்த நிறுவனத்துக்கு, மாற்று ஏற்பாடு செய்யப் பத்து ஆண்டுகள் கிடைத்திருந்தன. அந்தப் பத்தாண்டுத் தாமதத்தின் சுமையை, வேண்டாம் என்று சொன்னவர்களின் தலையில் ஏற்றி மேலும் மூன்றாண்டு பொறுத்துக்கொள்ளச் சொல்வதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

கனடா அரசு இதில் 1977ஆம் ஆண்டுக் குழாய்வழி உடன்படிக்கையைக் காட்டி, எண்ணெய் ஓட்டத்தை எந்தப் பொது அதிகாரமும் தடுக்கக்கூடாது என்கிறது. இரு நாடுகள் தமக்குள் எழுதிக்கொண்ட அந்தத் தாளில் பேட் ரிவர் மக்கள் கையெழுத்திடவில்லை. அவர்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கை அதைவிட 123 ஆண்டுகள் மூத்தது. அமெரிக்க அரசியலமைப்பின்படி அதுவும் நாட்டின் உச்சச் சட்டம்தான்.

இப்போது நிறுவனம் அவர்களுடைய நிலத்தைச் சுற்றிக்கொண்டு 41 மைல் புதிய பாதை போட முனைந்திருக்கிறது. மாநில இயற்கை வளத் துறை 2024 நவம்பரில் அனுமதியும் அளித்தது. எல்லைக்கு வெளியேதானே போகிறது, இன்னும் என்ன எதிர்ப்பு என்று கேட்பவர்கள் வரைபடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். புதிய பாதை எல்லைக்குத் தெற்கே, மேட்டில், ஓடைக்குப் பின் ஓடையாகக் கடந்து செல்கிறது. அந்த ஓடைகள் வடக்கே இறங்கி, பேட் ரிவர் ஆற்றில் கலந்து, அதே அரிசிச் சதுப்புக்குத்தான் வந்து சேர்கின்றன. அந்த அனுமதியையும் எதிர்த்து அவர்கள் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள்.