சுடுமல்லிக்கு வக்காலத்து வாங்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி விதைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சோள வேரைப் பிடித்து உறிஞ்சும் களையான சுடுமல்லியைப் பற்றிப் பேச ஆரம்பித்து, அதைத் தாங்கும் சோளத்துக்கு மரபணுத் திருத்தம் என்று நான் வாயெடுத்ததுமே "கம்பெனி கைக்கூலி" என்று ஒருவர் கத்தினார். மைக்கை வாங்கிக்கொண்டார்கள். சரி. சொல்ல வந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன்: சுடுமல்லியைத் தாங்கும் அந்தச் சோளத்தில் வெளியிலிருந்து எந்த மரபணுவும் வந்து சேரவில்லை.

கல்லல் பக்கம் பெரியப்பாவின் மானாவாரிப் புஞ்சையில் சோளம் விளைந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முந்தின நாள் மழையில் மண் ஈரமாகத்தான் இருக்கும். பயிர் மட்டும் தண்ணீரே காணாததுபோல உச்சி வெயிலில் இலை சுருண்டு நிற்கும். தூரடியில் சாண் உயரத்துக்குச் சுடுமல்லி, சின்னச் சின்ன வெள்ளைப் பூவோடு. ஒருமுறை பெரியப்பா மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசிக் காட்டினார். களையின் வேர் சோள வேரைத் தொட்ட இடத்தில் ஒரு முடிச்சு. "பூத்தப்புறம் புடுங்கி என்ன ஆத்தா செய்ய? உறிஞ்ச வேண்டியதை உள்ளயே உறிஞ்சிருச்சு" என்றார். உண்மைதான். வெளியே தலைகாட்டும் முன்பே பல வாரம் வேரைப் பிடித்துக்கொண்டு மண்ணுக்குள் வளரும் களை அது. தூசி மாதிரி இருக்கும் அதன் விதை பத்து வருடத்துக்கு மேலும் சாகாமல் கிடக்கும்.

மணிச்சத்துக் குறைந்த மண்ணில், நம் செம்மண்ணும் அப்படித்தான், சோள வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிடும். மண்ணிலிருந்து மணிச்சத்தை எடுத்துத் தரும் வேர்ப்பூஞ்சையைத் துணைக்குக் கூப்பிடத்தான். அதே பொருள் பட்டதும் சுடுமல்லி விதையும் முளைத்துவிடுகிறது. எத்தியோப்பியாவில் பிறந்த கெபிசா எஜெட்டா, இந்தக் களையைத் தாங்கும் சோளங்களை வழக்கமான ஒட்டுச் சேர்க்கையிலேயே உருவாக்கியவர். 2009-இல் உலக உணவுப் பரிசு வாங்கினார். அப்படித் தாங்கும் சோளங்களில் எல்ஜிஎஸ்1 என்ற மரபணு வேலை செய்யவில்லை என்று 2017-இல் அவர் குழு கண்டுபிடித்தது. அதனால் வேர் கசியவிடும் பொருளின் வகை மாறிவிடுகிறது, சுடுமல்லி விதை பெரும்பாலும் முளைப்பதில்லை. இயற்கையில் தானாக நடந்த மாற்றம் இது. மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கருவியால் வேறொரு சோளத்தில் அதே மரபணுவை நிறுத்தலாம். திரும்பவும் சொல்கிறேன், வெளியிலிருந்து எதுவும் வரவில்லை!

"பிடி கத்தரி கதை தெரியாதா?" என்கிறார்கள். தெரியும். அது பாக்டீரியா மரபணு வைத்த பயிர். 2010-இல் நிறுத்திவைத்தார்கள். இது அதுவல்ல. அயல் மரபணு இல்லாத திருத்தப் பயிர்களுக்கு 2022-இல் மத்திய அரசு தனி வழி வகுத்தது. 2025 மே மாதம் அறிவித்த இரண்டு திருத்த நெல் ரகங்களும் அரசு ஆராய்ச்சி நிலையங்களில் உருவானவை. எந்தக் கம்பெனிக்கு நான் கைக்கூலி?

கிரிஸ்பர் கருவியின் காப்புரிமை வெளிநாட்டார் கையில் இருக்கிறது என்பது நியாயமான கவலை, மறுக்கவில்லை. ஒரே மரபணுவை நம்பினால் களை பழகிக்கொள்ளாதா என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அதனால்தான் வேறு எதிர்ப்புத் தன்மைகளையும் சேர்க்க வேண்டும், பயிர் சுழற்சியும் வேண்டும். ஊடுபயிராகத் தட்டைப்பயறு போடுவதை நானும்தான் ஆதரிக்கிறேன். ஆனால் "இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்பவர்களிடம் என்ன பேசுவது? சுடுமல்லியும் இயற்கைதானே?

உண்மையில் எனக்கு வலிப்பது கைக்கூலி என்ற சொல் இல்லை. கத்தியவர் சோளம் விதைத்தவர் இல்லை. கைதட்டியவர்களிலும் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. பெரியப்பா மாதிரி ஆட்கள் அலுத்துப்போய்ப் புஞ்சையை விட்டார்கள். இன்று அங்கே சீமைக்கருவேலம் நிற்கிறது. அந்த மனுஷனுக்காக எந்த மேடையில் யார் பேசினார்கள்? சிறுதானியம் சத்து என்று கூட்டத்தில் சோளப் பணியாரம் சாப்பிட்டோமே, அந்தச் சோளத்தை விளைவிக்கிறவருக்கு மட்டும் கருவி கூடாதா?

ஒரு உதவி செய்யுங்கள். தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் பழைய நாட்டுச் சோளம் விதைத்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், சுடுமல்லி வயலிலும் எந்த ரகம் கதிர் பிடித்தது என்று கேட்டுக் கமெண்டில் போடுங்கள். விதை கைவசம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.