இரட்டைக் கோடு ஒரு சாக்கு இல்லை

“நடுவில் இரட்டைக் கோடு இருந்தால் தாண்டக் கூடாது, அதனால் சைக்கிளை ஒட்டி முந்துவதைத் தவிர வேறு வழியில்லை” என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் விதி அப்படி இல்லை அண்ணா.

சைக்கிளை முந்தும்போது, வேக வரம்பு மணிக்கு 60 கி.மீ. வரை உள்ள சாலையில் குறைந்தது 1 மீட்டர், அதற்கு மேல் என்றால் 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். இந்த விதி 2014-இல் சோதனையாகத் தொடங்கி, 2016-இல் நிரந்தரமானது. அந்த இடைவெளியை விடுவதற்காக இரட்டைக் கோட்டைத் தாண்டவும் அனுமதி உண்டு. ஆனால் எதிர்ப்பக்கம் நன்றாகத் தெரிய வேண்டும், வண்டி எதுவும் வரக் கூடாது. வளைவா, மேடா? சரி, பின்னாலேயே மெதுவாகப் போக வேண்டியதுதான். அரை நிமிடம் போகும், அவ்வளவுதான்.

அப்புறம், பலர் அளப்பதே தப்பு. டயருக்கும் டயருக்கும் நடுவில் பார்க்கிறார்கள். கணக்கு அதுவல்ல: சைக்கிளிலோ ஓட்டுபவரிலோ வலப்பக்கம் அதிகம் நீட்டிக்கொண்டிருக்கும் இடம், பெரும்பாலும் ஹேண்டில் முனை அல்லது முழங்கை. அங்கிருந்து உங்கள் காரின் இடப்பக்கக் கண்ணாடி வரை. டயர் கணக்கில் ஒரு மீட்டர் விட்டதாக நினைப்பவர், உண்மையில் முழங்கைக்கு அதைவிட மிக நெருக்கமாகத்தான் போய்க்கொண்டிருப்பார்.