ஆப்பை நீக்கினால் போனில் இருப்பதுதான் போகும்

உடல்நல ஆப்பைப் போனிலிருந்து நீக்கினாலே நம் விவரமெல்லாம் அழிந்துவிடும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். அது சரியில்லைங்க. கணக்கு தொடங்கிப் பயன்படுத்தும் ஆப்களில் சர்க்கரை அளவு, மாதவிடாய்த் தேதி, மருந்துச் சீட்டுப் படம் எல்லாம் பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். ஆப்பை நீக்குவதால் அங்கே ஒன்றும் அழியாது. இவ்வளவு அந்தரங்கமான விஷயம் என்பதால்தான் சொல்கிறேன்.

நீங்களே சோதிக்கலாம். ஆப்பை நீக்கிய பிறகு, வீட்டில் வேறொரு போனில் அதை இறக்கி, பழைய நம்பரிலேயே உள்ளே போய்ப் பாருங்கள். போன வருஷம் ஏற்றிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அப்படியே வந்து நின்றால், அது உங்கள் போனில் மட்டும் இருக்கவில்லை என்று தெரிந்துவிடும்.

அதனால் முதலில் ஆப்பின் செட்டிங்ஸில் கணக்கை நீக்குங்கள், அப்புறம் ஆப்பை. ஐபோன் ஆப்களில் இந்த வசதி ஆப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது 2022 ஜூன் 30 முதல் ஆப்பிளின் விதி. கூகுளிலும் இப்படி விதி உண்டு. ஆண்ட்ராய்டில் ஏற்கெனவே ஆப்பை நீக்கியவர்கள், ப்ளே ஸ்டோரில் அதன் பக்கத்தில் தரவுப் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து, அழிக்கக் கோரும் இணைப்பைத் தேடுங்கள்.