எப்காட்டின் லெ செலியேவுக்குப் போகலாமா?

மூன்று நாளாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. டாலஸில் இருக்கும் தம்பி டிசம்பர் விடுமுறைக்குக் குழந்தைகளோடு ஆர்லாண்டோ வருகிறான். "எப்காட் போகிற அன்னைக்கு லெ செலியேவில் டேபிள் கிடைக்குமான்னு பாரு அக்கா" என்று கேட்டிருந்தான். எப்காட் என்பது ஆர்லாண்டோவில் டிஸ்னி நடத்தும் பூங்கா. லெ செலியே அதற்குள் இருக்கும் ஒரு ஸ்டேக் உணவகம். ஸ்டேக் என்றால் தடித்த மாட்டிறைச்சித் துண்டு. அடுத்த நிமிடமே அட்லாண்டாவில் இருக்கும் சித்தி மகள், "அங்கேயா? காசுக்குப் பிடிச்ச கேடு. அந்தப் பணத்துக்கு ஊருக்குள்ளே ரெண்டு தடவை நல்ல ஸ்டேக் சாப்பிடலாம்" என்று எழுதினாள். பெரியப்பா மகன் விடவில்லை. "அந்தச் சீஸ் சூப்புக்காகவே நான் ஃபுளோரிடா வருவேன்" என்றான். அதற்குப் பிறகு குழுவில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. அங்கே போகாதவர்களுக்கும் இருந்தது.

நான் டாம்பாவில் 17 வருடமாக இருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து எப்காட் ஒன்றேகால் மணி நேரம். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிக்கொண்டு போவது நாங்கள்தான். லெ செலியேவில் மட்டும் ஏழெட்டு முறை உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன். இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். எப்காட்டின் பின்பாதி ஒரு பெரிய ஏரி. அதைச் சுற்றிப் பதினோரு நாடுகளின் கட்டடங்கள். மெக்சிகோ ஒரு முனை, கனடா மறுமுனை. அந்தக் கனடாப் பகுதியில், நிஜக் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் இருக்கும் ஷாட்டோ லோரியே ஹோட்டலைப் பார்த்துக் கட்டிய ஒரு மாளிகை நிற்கிறது. மேலே போகப்போக ஜன்னல்களைச் சிறிதாக்கிக் கட்டியிருப்பதால் உண்மையில் இருப்பதைவிட உயரமாகத் தெரியும். அதன் காலடியில் ஒரு பூந்தோட்டம். வான்கூவர் தீவில் பழைய சுண்ணாம்புக் குவாரியைத் தோட்டமாக்கிய புச்சார்ட் கார்டன்ஸ்தான் அதற்கு முன்மாதிரி. அந்தப் பூக்களை ஒட்டியே நடந்தால் மாளிகையின் அடியில் ஒரு கதவு வரும். அதுதான் லெ செலியே. பிரெஞ்சில் சாமான்களும் ஒயினும் வைக்கும் நிலவறை என்று பொருள். உள்ளே ஜன்னலே கிடையாது. கல் சுவர், தாழ்ந்த கூரை, மங்கலான விளக்கு.

எப்காட் திறந்த 1982-லேயே இந்த உணவகம் உண்டு. அப்போது ஸ்டேக்ஹவுஸ் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடும் கஃபெட்டீரியா. கியூபெக்கின் இறைச்சி பை, சீஸ் சூப், மேப்பிள் இனிப்பு என்று வீட்டுச் சாப்பாடு மாதிரி. தொண்ணூறுகளில்தான் மேஜையில் பரிமாறும் ஸ்டேக்ஹவுஸாக மாறியது. சின்ன இடம். பெயர் பரவியதும் டேபிள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. அந்தக் காலத்தில் 180 நாளுக்கு முன்னாலேயே பதிவு செய்யலாம். ஆறு மாதம் கழித்து எத்தனை மணிக்குப் பசிக்கும் என்று இப்போதே முடிவு செய்து, விடியற்காலையில் எழுந்து போட்டவர்கள் நிறையப் பேர். இப்போது அதை 60 நாளாகக் குறைத்திருக்கிறார்கள். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்கள் மட்டும் தங்கலின் முதல் பத்து நாட்களுக்கும் சேர்த்து ஒரேயடியாகப் போட்டுக்கொள்ளலாம்.

2011-ல் இரவுச் சாப்பாட்டை 'சிக்னேச்சர்' என்ற விலை கூடிய உயர்தர வகையில் சேர்த்தார்கள். பிற்பாடு மதியமும் அந்த வகைக்குப் போனது. டிஸ்னியின் முன்பணச் சாப்பாட்டுத் திட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு வேளைக்கு ஒரு கூப்பன் என்றிருந்தது இரண்டாகிவிட்டது. இந்த உணவகத்தைப் பற்றிய சண்டையெல்லாம் எனக்குத் தெரிந்து இங்கிருந்துதான் ஆரம்பம். 'அற்புதம்' என்கிறவர்களில் பாதிப் பேர் அதற்கு முன்பு சாப்பிட்டவர்கள். 'ஏமாற்றம்' என்கிறவர்களில் பெரும்பாலோர் அதற்குப் பின்பு வந்தவர்கள். ஒரே கதவு, ஒரே பெயர், ஆனால் அவர்கள் சாப்பிட்டது இரண்டு வெவ்வேறு உணவகங்களில்.

நான் முதலில் போனது 2009-ல். அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து வந்திருந்தார்கள். காலையிலிருந்து வெயிலில் நடந்து அப்பாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. மதியம் ஒரு மணிக்கு அந்த நிலவறைக்குள் நுழைந்ததும் ஏசிக் காற்றில் இரண்டு நிமிடம் கண்ணை மூடி அப்படியே உட்கார்ந்திருந்தார். எங்கள் மேஜைக்கு வந்த பையனின் பெயர் அட்டையில் சாஸ்கடூன் என்று ஒரு கனடா ஊர்ப்பெயர் இருந்தது. அந்தந்த நாட்டு இளைஞர்களை ஒரு வருட ஒப்பந்தத்தில் வரவழைத்து அந்தந்தக் கட்டடத்தில் வேலைக்கு வைக்கும் திட்டம் அது. கோவிட் காலத்தில் நின்றுபோய் மறுபடி தொடங்கியது. அப்பா அவனிடம் குளிரைப் பற்றிக் கேட்டார். ஜனவரியில் மைனஸ் முப்பது கூடப் போகும், ராத்திரி காரின் எஞ்சினுக்கு மின்சார வயர் சொருகி வைத்தால்தான் காலையில் கிளம்பும் என்று அவன் சொன்னதை, அப்பா ஊருக்குப் போய் ஒரு வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் சூப் வந்தது. அகலமான வெள்ளைக் கிண்ணத்தில் வெளிர்மஞ்சளாக, மேலே பொடிப்பொடியாகப் பேக்கனும் வெங்காயத்தாளும். ஸ்பூனை விட்டு எடுத்தால் முதுகில் கெட்டியாக ஒட்டிக்கொண்டு மெதுவாக வழியும். பன்றி இறைச்சி இருக்கிறது என்று அப்பாவிடம் முதலிலேயே சொன்னேன். "சரி, பரவாயில்லை" என்று ஒரு வாய் குடித்தவர், "என்னம்மா இது, மோர்க்குழம்பு மாதிரி இருக்கேன்னு பார்த்தேன், இது வேற என்னமோ" என்றார். கூடையில் வைத்திருந்த பிரெட்ஸல் ரொட்டியை, வெளியே பழுப்பும் உள்ளே பஞ்சுமாக உப்புக்கல் தூவியது, பிய்த்துப் பிய்த்து அதில் தோய்த்து இரண்டு பேர் சூப்பை அவரே காலி செய்தார். ஸ்டேக் பக்கமே திரும்பவில்லை. அவருக்கு மாட்டிறைச்சி பழக்கமில்லை, மீன்தான் சொல்லியிருந்தோம். அம்மா சைவம். சாலட், ரொட்டி, உருளைக்கிழங்கு என்று அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். நான்கு பேர், மதிய மெனுவில் சாண்ட்விச்சும் பர்கரும் இருந்த காலம், பில் எங்கள் கைக்கு அடங்கியது.

சரி, ஸ்டேக் விஷயத்துக்கு வருகிறேன். 'ருசியே இல்லை, சாஸ்தான் தெரிகிறது' என்று குறை சொல்கிறவர்கள் எதை ஆர்டர் செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பத்துக்கு ஏழு பேர் ஃபிலே மின்யோன் என்பார்கள். அங்கே மிகவும் பெயர் போனது அதுதான். காளான் ரிசோட்டோ மேல் வைத்து, டிரஃபிள் வெண்ணெய் சாஸ் ஊற்றித் தந்து வந்தார்கள். ஃபிலே என்பது மாட்டின் முதுகெலும்பை ஒட்டி உள்ளே கிடக்கும் தசை. அதிகம் வேலை செய்யாத தசை. அதனால்தான் வெண்ணெய் மாதிரி கத்தி இறங்குகிறது. ஆனால் கொழுப்பு குறைவு, ஆகவே இறைச்சியின் ருசியும் அடக்கமாகத்தான் இருக்கும். சாஸ் இல்லாமல் அதைப் பரிமாறுகிற கடை அபூர்வம். இறைச்சி ருசி வேண்டுமென்றால் கொழுப்பு ஊடே ஓடும் ரிப்ஐ என்ற துண்டைச் சொல்ல வேண்டும், அதுவும் மீடியம் ரேருக்கு, அதாவது நடுவில் சிவப்பு தெரியும் பதத்துக்கு, மேல் போகக்கூடாது. நம்மவர்களில் பலர் சிவப்பைப் பார்த்தால் பயந்து 'வெல்டன்', அதாவது முழுக்க வேக வைத்தது, என்று சொல்லிவிடுகிறோம். நானும் முதல் நான்கைந்து வருடம் அப்படித்தான் சொன்னேன். ஃபிலேயை வெல்டனாகக் கேட்டால் எந்த ஊர்ச் சமையல்காரராலும் அதைக் காப்பாற்ற முடியாது.

இதைச் சொன்னதும் சித்தி மகள் சொல்வது முழுக்கத் தப்பு என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஊருக்குள் இருக்கும் நல்ல ஸ்டேக்ஹவுஸோடு தட்டுக்குத் தட்டு வைத்துப் பார்த்தால் லெ செலியே முதலிடம் வராது. எப்காட்டிலிருந்து இன்டர்நேஷனல் கேட்வே என்ற பின்வாசல் வழியே சில நிமிடம் நடந்தால் யாட்ஸ்மன் ஸ்டேக்ஹவுஸ், அதுவும் டிஸ்னியுடையதுதான். அங்கே சாப்பிடப் பூங்கா டிக்கெட் வேண்டியதில்லை. ஸ்டேக் ஒன்றுதான் குறி என்றால் நான் அங்கேதான் போகச் சொல்வேன். லெ செலியேவில் ஒரு ஸ்டேக் மட்டும் அறுபது டாலரை ஒட்டி வருகிறது. நான்கு பேருக்கு ஸ்டேக், இரண்டு சூப், குடிக்க ஏதாவது, ஆறரை சதவீத வரி, அதன் மேல் டிப்ஸ் என்று போட்டால் 350 டாலரைத் தாண்டிவிடும். உள்ளே நுழைவதற்கே தலைக்கு நூறு டாலருக்கு மேல் டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

என் கோபமெல்லாம் இங்கேதான். விலை ஏறுவது எங்கும் நடக்கிறது. ஆனால் மதியத்துக்கு என்று இருந்த அந்த எளிய மெனுவை எடுத்தது தப்பு. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வருடக்கணக்காகப் பணம் சேர்த்து ஒரே ஒரு முறை டிஸ்னி வருகிற குடும்பங்கள் ஏராளம். குழந்தைகளுக்குக் கால் வலிக்கும். தாத்தா பாட்டிக்கு மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் குளிர்ந்த, இருட்டான ஒரு கல் அறையில் உட்கார்ந்து சூடான சூப்பும் ரொட்டியும் ஒரு சாண்ட்விச்சும் சாப்பிட்டுவிட்டு எழுவது அவர்களால் முடிகிற காரியமாக இருந்தது. இப்போது அதே நாற்காலியில் உட்கார, ஒரு கல்யாண நாள் விருந்துக்கு ஆகிற செலவு ஆகிறது. அதனால் அவர்கள் பர்கர் கவுன்டர் பக்கம் போய்விடுகிறார்கள். கஃபெட்டீரியாவாகப் பிறந்த இடம் அது. 1982-ல் தட்டோடு வரிசையில் நின்றவர்களுக்காகக் கட்டிய அறை. மதியம் மட்டுமாவது அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று டிஸ்னியின் கருத்துப் படிவத்தில் நான் இரண்டு முறை எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

அறையைப் பற்றியும் சண்டை உண்டு. 'கூரை தலையில் இடிக்கிறது, பக்கத்து மேஜைப் பேச்சு காதில் விழுகிறது, இருட்டு' என்பார்கள். எல்லாம் உண்மை. எனக்கு அது குறையாகப் படவில்லை. ஆகஸ்ட் மாத ஃபுளோரிடா வெயிலில் நான்கு மணி நேரம் நின்றவருக்கு ஜன்னல் எதற்கு? ஏரிக்கரையில் உட்கார்ந்து வாணவேடிக்கை பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு அந்த இடம் சரிப்படாது, அவ்வளவுதான்.

சூப் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் வரை எப்காட்டில் நடக்கும் உணவு, ஒயின் விழாவில் கனடா கடையில் இதே சூப்பைச் சின்னக் கிண்ணத்தில் ரொட்டியோடு பத்து டாலருக்குள் கொடுப்பார்கள். ருசி அதேதான். நின்றுகொண்டே குடிக்க வேண்டும்.

வீட்டிலும் செய்யலாம். செய்முறை பல வருடமாகவே பலர் கையில் இருக்கிறது. அரைப் பவுண்டு பேக்கனைப் பொடியாக நறுக்கி வதக்கி, அந்தக் கொழுப்பிலேயே வெங்காயம், செலரி, கொஞ்சம் வெண்ணெய். அதில் ஒரு கப் மைதாவைப் போட்டுப் பச்சை வாசனை போகக் கிளற வேண்டும், அடிப்பிடித்தால் போச்சு. மூன்று கப் சிக்கன் ஸ்டாக் ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு நான்கு கப் பால். கால் மணி நேரம் சிறுதீயில். அடுப்பை அணைத்த பிறகுதான் ஒரு பவுண்டு வெள்ளை செடார் துருவலைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது போட்டால் சீஸ் திரிந்து மணல் மணலாகிவிடும். கடைசியில் அரை கப் பீர். அந்தப் பீரின் லேசான கசப்புதான் சீஸின் திகட்டலை வெட்டுகிறது. அதை விட்டுவிட்டு ஒரு முறை செய்து பார்த்தேன், இரண்டு கரண்டிக்கு மேல் யாராலும் குடிக்க முடியவில்லை. சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சீஸ் சூப் என்று பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், பேக்கனை எடுத்துவிட்டாலும் உள்ளே சிக்கன் ஸ்டாக் இருக்கும். டிஸ்னி மெனுக்களில் முழுத் தாவர உணவுக்குப் பக்கத்தில் இலை அடையாளம் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தம்பி, உனக்கு என் பதில் இதுதான். போ. ஆனால் ராத்திரி வேண்டாம், மதியம் போ. ஆளுக்கு ஒரு ஸ்டேக் சொல்லாதே. பெரியவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ரிப்ஐ, மீடியம் ரேர். சின்னவளுக்குக் குழந்தைகள் மெனு. சூப் மட்டும் ஆளுக்கு ஒன்று, பங்கு போட ஆரம்பித்தால் உங்கள் வீட்டில் அடிதடி நடக்கும். இரண்டாவது ரொட்டிக் கூடை கேட்கக் கூச்சப்படாதே. பரிமாறுகிறவரின் பெயர் அட்டையில் ஊர்ப்பெயரைப் பார்த்து, அந்த ஊரைப் பற்றி ஒரு கேள்வி கேள். அறுபதாம் நாள் காலை ஆறு மணிக்கு நானே எழுந்து டேபிள் போடுகிறேன். உன் தேதியை மட்டும் இன்று ராத்திரிக்குள் உறுதியாகச் சொல்லிவிடு.