மரம்தான் குடிக்கும்

(இங்கிலாந்து, சாமர்செட் பக்கம் ஒரு கிராமம். ஜனவரி இரண்டாவது வாரம். இந்த மாதம் முழுக்கக் குடிப்பதில்லை என்று கணவர் சபதம் எடுத்திருக்கிறார். எடுக்க வைத்தவர் மனைவி.)

கணவர்: 17-ஆம் தேதி ராத்திரி நம்ம தோட்டத்துல வாசெயில், அதான் ஆப்பிள் மரத்தை வாழ்த்துற சடங்கு, வெச்சுக்கலாம்னு இருக்கேன். தாத்தா காலத்தோட நின்னுபோச்சு, பாவம்.

மனைவி: என்னங்க, திடீர்னு தாத்தா மேல பாசம்?

கணவர்: ஆப்பிள் மரத்தைச் சுத்தி நின்னு பாடணும். வேர்ல சைடர், அதான் ஆப்பிள் மது, ஊத்தணும். சைடர்ல நனைச்ச ரொட்டியைக் கிளையில சொருகணும். கெட்ட ஆவி ஓடுறதுக்குப் பாத்திரத்தைத் தட்டணும், கிளைக்கு நடுவால வானத்தைப் பார்த்துச் சுடணும். கார்ஹாம்ப்டன் கிராமத்துல இன்னும் பண்றாங்களே!

மனைவி: ரொட்டி யாருக்கு?

கணவர்: ராபின் குருவிக்கு. மரத்தைக் காக்குற நல்ல ஆவி அதுதானாம்.

மனைவி: சைடர் மரத்துக்கு, ரொட்டி குருவிக்கு. உங்களுக்கு?

கணவர்: மரத்தைத் தனியாக் குடிக்க விட்டா மரியாதையா இருக்குமா?

மனைவி: அதானே பார்த்தேன்.

கணவர்: காய்ப்புக்காகச் சொல்றேன். போன வருஷம் ஒரு கூடை தேறலையே!

மனைவி: அது ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்க்கிற மரம். இந்த வருஷம் நீங்க பாடினாலும் காய்க்கும்.

கணவர்: பாடினாலும்னா?

மனைவி: உங்க குரல் இருக்கே, துப்பாக்கிக்கு வேலையே இல்ல. மரத்து மேல அக்கறைன்னா ரம்பத்தை எடுத்துக் கவாத்து பண்ணுங்க. இலை உதிர்ந்து நிக்கிற இப்பதான் அதுக்குப் பருவம்.

கணவர்: ஏணின்னா எனக்கு முதுகு பிடிச்சுக்கும்.

மனைவி: கிறிஸ்துமஸ் முடிஞ்சு பன்னிரண்டாம் ராத்திரிதானே இதெல்லாம்? அது 6-ஆம் தேதியே போயாச்சே.

கணவர்: அது புதுக் காலண்டர்! 1752-ல செப்டம்பர் 2-க்கு மறுநாளே 14-னு சொல்லி 11 நாளை முழுங்கிட்டாங்க. அரசாங்கம் சொன்னா மரம் கேக்குமா? மரத்துக்குப் பழைய கணக்குதான்.

மனைவி: அப்ப நமக்கு?

கணவர்: (மார்தட்டி) நமக்கும் பழைய கணக்குதான்!

மனைவி: ரொம்ப நல்லது. அப்ப உங்க ஜனவரி பிப்ரவரி 11 வரைக்கும் ஓடும்.

கணவர்: (வெகுநேரம் கழித்து) யோசிச்சுப் பார்த்தா, புதுக் காலண்டரும் ஒண்ணும் மோசமில்ல.

மனைவி: பரவால்ல, 17-ஆம் தேதியே வெச்சுக்கலாம். ரொட்டி சொருக ஒரு ராணி வேணுமாமே, அது நான். சைடர் ஜாடியும் என் கையிலதான் இருக்கும்.

கணவர்: என் கையில?

மனைவி: வாணலி. நல்லா ஓங்கித் தட்டுங்க.