டீச்சர் கேட்டதில் என்ன தப்பு?

ஞாயிற்றுக்கிழமை இணையக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அதை மறுபடி கிளற மனசில்லாமல்தான் மூன்று நாள் சும்மா இருந்தேன். முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

அந்த டீச்சர் கேட்டது இதுதான்: "வகுப்பறைக்கு வெளியே ஓயாத இரைச்சல் இருந்தா பிள்ளைங்க வாசிப்பு பாதிக்குமா? இதைப் பத்தின ஆய்வுக் கட்டுரைகளைக் காசு கட்டாம எங்க படிக்கலாம்?" பேராசிரியர் சொன்ன பதில்: "இலவசமா கிடைக்கறது எதுவும் படிக்கிற தரத்துல இருக்காதும்மா. கூகுள்ல தேடிப் பாருங்க." இரண்டு பேர் சிரித்தார்கள். டீச்சரின் மைக் அணைந்தது. நான் கை தூக்கினேன், நேரமாகிவிட்டது என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

வழி கேட்டவருக்கு வழியைச் சொல்லுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

அவர் கேட்டது லேசான கேள்வி இல்லை. இரைச்சலை அளப்பது ஒலியியல். பிள்ளையின் கவனமும் நினைவும் உளவியல். வாசிப்பு கல்வித்துறை. தூக்கம் கெடுவது மருத்துவம். ஒவ்வொரு துறையும் தன் கட்டுரைகளை வேறு வேறு இடத்தில் வைத்திருக்கிறது. இயற்பியல்காரர்களுக்கு 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் என்ற இலவசக் கட்டுரைக் களஞ்சியம் இருக்கிறது. கணிதமும் கணினியியலும் அங்கேதான். மருத்துவத்துக்கு 2000-லிருந்து பப்மெட் சென்ட்ரல். கல்விக்கு எரிக், அதில் முழுக் கட்டுரை உள்ளவை மட்டும் வேண்டும் என்று டிக் செய்துகொள்ளலாம். உளவியலுக்கு சைஆர்க்கைவ், பொருளாதாரத்துக்கு ரீபெக். எந்தத் துறை என்றே தெரியாவிட்டால் பீலஃபெல்ட் பல்கலைக்கழக நூலகத்தின் பேஸ், இல்லையென்றால் கோர், 2022-இல் வந்த ஓப்பன்அலெக்ஸ். இவை எல்லாத் துறைகளையும் சேர்த்துத் தேடும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

ஒரு துறைக்குள்ளேயே முப்பது வருடம் இருந்தவருக்குத் தன் வாசல் மட்டும்தான் தெரியும். அது குற்றமில்லை. தெரியாததை "இல்லை" என்று சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், அந்த டீச்சரின் இடத்தில் நான் நின்றிருக்கிறேன். அக்கா மகளுக்கு வலிப்பு. டாக்டர் ஒரு சீட்டில் எஸ்சிஎன்1ஏ என்று மரபணுவின் பெயரை எழுதிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி பப்மெட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பத்தி சுருக்கம் வரும், கிளிக் செய்தால் பணம் கட்டச் சொல்லும். எல்லாமே பூட்டித்தான் கிடக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். பப்மெட் வேறு, பப்மெட் சென்ட்ரல் வேறு என்று எனக்குத் தெரியாது. முன்னது அட்டவணை, பின்னதில்தான் முழுக் கட்டுரை. முகம் தெரியாத ஒரு நூலகர் மின்னஞ்சலில் இரண்டே வரி எழுதினார்: "இடது பக்கம் 'ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்' என்று ஒரு பெட்டி இருக்கும், அதை டிக் செய்யுங்கள். பூட்டிய கட்டுரைக்கு இலவசப் பிரதி இருந்தால் காட்டுகிற அன்பேவால் நீட்சியை உலாவியில் போட்டுக்கொள்ளுங்கள்." டிக் செய்தேன். பிடிஎஃப் திறந்தது. அதுவரை அழாத அக்கா அப்போதுதான் அழுதாள்.

அந்த நூலகர் "கூகுள்ல தேடுங்க" என்று சொல்லியிருந்தால்?

இப்போது சிலர் வருவீர்கள். "காசு வாங்கிக்கொண்டு எதையும் போடுகிற போலி ஜர்னல்கள் இருக்கின்றனவே" என்பீர்கள். இருக்கின்றன, நான் மறுக்கவே இல்லை. அதற்காகத்தான் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஜர்னல்களுக்கு 2003-லிருந்து டிஓஏஜே என்ற பட்டியல் இருக்கிறது. ஜர்னல்களைச் சோதித்துத்தான் சேர்க்கிறார்கள். அதோடு, தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயத்தைக் கிளப்பிய கட்டுரை 1998-இல் எங்கே வந்தது? சந்தா கட்டிப் படிக்கிற பெரிய மருத்துவ ஜர்னலான லான்செட்டில். அதைத் திரும்பப் பெற 2010 வரை ஆனது. விலை தரத்துக்குச் சான்று இல்லை சார்.

"பிரீபிரிண்ட் எல்லாம் யாரும் சரிபார்க்காதது" என்பதும் பாதி உண்மைதான். ஜர்னல் சரிபார்ப்பதற்கு முன்பே ஆசிரியர் இணையத்தில் போடுகிற பிரதிதான் பிரீபிரிண்ட். எச்சரிக்கையாகத்தான் படிக்க வேண்டும், நானும் அதைச் சொல்லித்தான் லிங்க் தருவேன். ஆனால் கணிதத்தில் நெடுநாள் தீராமல் கிடந்த பாயிங்காரே அனுமானத்துக்கான நிரூபணத்தை ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மான் 2002-லும் 2003-லும் ஆர்க்கைவில்தான் போட்டார். எந்த ஜர்னலுக்கும் அனுப்பவில்லை. அதற்குத்தான் கணிதத்தின் பெரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் தேடி வந்தது, அவர் வேண்டாம் என்றார். இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் அந்த நிரூபணம் தரமில்லாததா?

"சாதாரண ஆட்கள் மருத்துவக் கட்டுரை படித்தால் குழம்பிப்போவார்கள்." குழம்பட்டும். குழம்பினால் டாக்டரிடம் கேட்கிறோம். படிக்காமல் பயந்து சாவதைவிட அது எவ்வளவோ மேல்.

பல ஆய்வுகளுக்கு அரசுகள் தருவது மக்களின் வரிப்பணம். எழுதியவருக்கு ஜர்னல் பணம் தருவதில்லை. சரிபார்க்கிற விஞ்ஞானிகளும் பெரும்பாலும் சம்பளமில்லாமல்தான் சரிபார்க்கிறார்கள். தங்கள் கட்டுரையை நாலு பேர் படித்தால் போதும் என்றுதான் அவர்களும் ஏங்குகிறார்கள். பூட்டிய கட்டுரை ஒன்றைக் கேட்டு நானே ஆசிரியருக்கு எழுதியிருக்கிறேன். மறுநாள் காலை அவருடைய இறுதிப் பிரதி வந்தது, கூடவே "படித்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி. இவ்வளவு படித்த மனிதருக்கு அந்தப் பணிவு இருக்கிறது. இங்கே நம் ஆளிடம் ஒரு கேள்வி கேட்டால் நாம் ஏதோ திருட வந்தது போலப் பார்க்கிறார்கள். யார் வீட்டுச் சொத்து இது? படிப்பு வந்தால் பெரிய மனசும் வரும் என்று சொல்லித்தானே எங்களை வளர்த்தார்கள்?

சரி, கோபம் எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறது.

அந்த டீச்சர் என் நட்புப் பட்டியலில் இல்லை. தெரிந்தவர்கள் இதை அவருக்கு அனுப்புங்கள். டீச்சர், இரைச்சலையும் வாசிப்பையும் பற்றி நேற்று எரிக்கிலும் பப்மெட் சென்ட்ரலிலும் தேடி, முழுதாகத் திறக்கிற ஒன்பது கட்டுரைகளை எடுத்து வைத்திருக்கிறேன். ஒலியியல் பக்கம் இன்னும் பார்க்கவில்லை. இன்பாக்ஸுக்கு வாருங்கள், சேர்ந்தே தேடலாம்.